நிலாவரையில் போட்ட தேசிக்காய்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்குமாம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: தேசிக்காய் என்றால் எலுமிச்சை.) அம்மம்மா இதைச் சொல்லும்போது தானே போட்டுவிட்டு அங்கே ஓடிப்போய்ப் பார்த்தவர் போலத்தான் சொல்லுவார். இரண்டு இடத்துக்கும் நடுவே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தேசிக்காய் அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கும் என்று கேட்டால், "கீழால போகும்" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும்.

அந்தக் "கீழால"தான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஆனால் அதை எனக்கு ஒழுங்காக விளங்கவைத்தது யாழ்ப்பாணம் இல்லை. வட இங்கிலாந்தில், யோர்க்ஷயர் மலைகளுக்குள் இருக்கும் மால்ஹம் என்ற சின்ன ஊர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு ஒரு அருவி, ஒரு பிளவு, ஒரு ஏரி, காணாமற்போகும் ஓர் ஓடை, ஒரு பெரிய பாறைச்சுவர், ஒரு ஊற்று என்று எல்லா உதாரணங்களும் அங்கே ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடுகின்றன. ஊர்ப்பெயரை எழுதுவதில் மட்டும் எனக்கு ஒரு சங்கடம். உள்ளூர்க்காரர்கள் நடுவிலுள்ள 'ஹ'வை விழுங்கிவிட்டுத்தான் சொல்கிறார்கள். அதை அப்படியே தமிழில் எழுதினால் ஊருக்கு மரியாதை இல்லை. ஆகவே மால்ஹம் என்றே வைத்துக்கொள்வோம்.

போவதற்கு முன் வீட்டிலுள்ள கேத்திலைத் திறந்து பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரோ லண்டன் குழாய்த் தண்ணீரோ கொதிக்கும் கேத்தில் என்றால் அடியில் வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கும். அது சுண்ணாம்புக்கல்தான். தெளிந்த தண்ணீருக்குள் கல் கரைந்து கிடந்தது. கொதித்ததும் வெளியே வந்துவிட்டது. அதைப் போக்க என்ன செய்கிறோம்? தேசிப்புளியை ஊற்றி ஊறவைக்கிறோம். நுரைத்துக்கொண்டு கரைந்துபோகிறது. புளிப்பு கல்லைக் கரைக்கும். புளிப்பு போனால் கல் திரும்ப வரும். சுண்ணாம்புக்கல் நிலத்தின் முழுக்கதையும் இதுதான், கேத்திலுக்குப் பதில் மலை.

மலைக்குத் தேசிப்புளி எங்கிருந்து வரும்? மழையிலிருந்து. மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு விழுகிறது. எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்குக் காபனீரொட்சைட்டு என்று பெயர். மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் நிறையச் சேர்த்துக்கொள்கிறது, ஏனென்றால் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டு விட்டு மண்ணிடுக்குக் காற்றில் அந்த வாயு வெளியில் இருப்பதைவிடப் பத்து மடங்கு, அதற்கு மேலும்கூட, சேர்ந்திருக்கும். சோடாவைப் போல, ஆனால் மிகமிக மென்மையான ஒரு புளிப்பு. நாக்குக்குத் தெரியாது, கல்லுக்குத் தெரியும்.

கல்லின் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். மால்ஹமின் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற, வெதுவெதுப்பான கடலில் படிந்தது. அப்போது அந்த நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் கிடந்தது. கடலுயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் அடியில் சேர்ந்து, அமுங்கி, அடுக்கடுக்காகக் கல்லாயின. யாழ்ப்பாணத்துக் கல்லும் கடலில் பிறந்ததுதான், ஆனால் வயதில் மிகவும் இளையது. மால்ஹம் கல்லை உடைத்தால் உள்ளே நுண்துளைகள் அதிகம் கிடையாது, நல்ல இறுக்கம். ஆகவே தண்ணீர் கல்லுக்குள் ஊறிப் போவதில்லை. அடுக்குகளுக்கு இடையிலுள்ள கோடுகள், குறுக்கே ஓடும் வெடிப்புகள் இவற்றுக்குள்தான் நுழைகிறது. நுழைந்த வெடிப்பைக் கரைத்து அகலமாக்குகிறது. அகலமான வெடிப்புக்கு அதிகத் தண்ணீர் வரும். அதிகத் தண்ணீர் வந்தால் இன்னும் அகலமாகும். காசு உள்ளவனிடமே காசு சேருவது போல. கடைசியில் மேலே ஓடவேண்டிய ஆறு கீழே குழாய் போட்டுக்கொண்டு போய்விடும். இப்படிப்பட்ட நிலத்துக்குக் கார்ஸ்ட் என்று பெயர், ஸ்லோவேனியா–இத்தாலி எல்லையிலுள்ள ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தின் பெயரிலிருந்து வந்தது.

சரி, நடப்போம்.

லீட்ஸிலிருந்து ஸ்கிப்டன் வரை ரயிலில் போகலாம். அங்கிருந்து மால்ஹமுக்குப் பேருந்து உண்டு, ஆனால் குறைவு; திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளாமல் ஏறவேண்டாம். காரில் வந்தால் தேசியப் பூங்காவின் தகவல் நிலையத்தருகே வாகனத் தரிப்பிடம் இருக்கிறது. முழுச்சுற்று சுமார் 12 கிலோமீட்டர். சாப்பாடு, நின்று பார்த்தல், பிள்ளைகளின் முறைப்பாடு எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம். நனைந்த சுண்ணாம்புக்கல், அதுவும் ஆயிரம் பேர் மிதித்து வழவழப்பான கல், சவர்க்காரம் மாதிரி. நான் விழுந்த கதையைச் சொல்லப்போவதில்லை.

முதலில் வருவது ஜேனட்ஸ் ஃபோஸ். ஃபோஸ் என்பது பழைய நோர்ஸ் மொழியில் அருவி. ஜேனட் என்பவள் அருவிக்குப் பின்னாலுள்ள குகையில் வாழும் தேவதைகளின் அரசியாம். உயரம் பார்த்துப் பிரமிக்க எதுவும் இல்லை; குற்றாலம் பார்த்த கண்ணுக்கு இது வாய்க்கால் மதகு. முன்னாலுள்ள குளத்தில் ஒரு காலத்தில் மேய்ப்பர்கள் செம்மறிகளை இறக்கிக் கழுவுவார்கள். நாங்கள் போனது மே மாதம். காடு முழுக்கக் காட்டு வெள்ளைப்பூண்டு பூத்து, ரசம் வைக்கிற வீட்டு வாசம்.

ஆனால் இந்தச் சின்ன அருவியில் நின்று பார்க்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சாதாரணமாக அருவி என்ன செய்யும்? விழுகிற இடத்தைத் தின்னும். பாறையைக் கொஞ்சங் கொஞ்சமாக உடைத்துப் பின்னோக்கி நகரும். இந்த அருவி தலைகீழ். இது பாறையைக் கட்டுகிறது. தண்ணீர் வழியும் இடத்தில் பாசி மூடிய, பானை வயிறு போலப் புடைத்த ஒரு திரை தெரியும். அதன் பெயர் டூஃபா. கல்லைக் கரைத்துச் சுமந்து வந்த தண்ணீர் இங்கே சிதறி, மெல்லிய படலமாகப் பரவி, காற்றோடு கலக்கிறது. சோடாப் போத்தலைக் குலுக்கினால் வாயு போவது போல, தண்ணீரிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. புளிப்பு போயிற்றா, கல்லைத் தாங்கும் சக்தியும் போயிற்று. கேத்தில் கதைதான், ஆனால் நெருப்பில்லாமல். பாசியின் மேல் சுண்ணாம்பு படிகிறது, பாசி அதற்கு மேல் வளர்கிறது, அதன்மேல் மறுபடி சுண்ணாம்பு. கையால் தொட்டுப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். சப்பாத்துக் காலால் ஏறவே கூடாது. கல் போலத் தெரிந்தாலும் உதிர்ந்துவிடும்.

அதே ஓடையின் மேல்பக்கம் கோர்டேல் ஸ்கார். புல்வெளியில் நடந்து ஒரு திருப்பத்தில் திரும்பியதும் இரண்டு பக்கமும் நூறு மீட்டருக்கு மேல் பாறை எழுந்து தலைக்கு மேல் சாய்கிறது, நடுவில் அருவி இரண்டு படியாக விழுகிறது. ஜேம்ஸ் வார்ட் என்ற ஓவியர் 1812 தொடங்கி 1814 வரை இதை வரைந்தார். கான்வஸ் மூன்று மீட்டருக்கு மேல் உயரம், நாலு மீட்டருக்கு மேல் அகலம். லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது. படத்தில் பாறையை மிகைப்படுத்திவிட்டார் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபின் அப்படித் தோன்றவில்லை. கூரை இடிந்த குகை இது என்று முன்பு சொல்வார்கள். பனியுகத்தின் பனி உருகி ஓடிய வெள்ளம் அறுத்த பள்ளம் என்பதுதான் இப்போது பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம்.

கீழ் அருவியின் பக்கத்தில் பாறையில் தொற்றி ஏறிப்போகிறவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளோடும் மழைக்குப் பின்னும் அதைச் செய்யாதீர்கள். வந்த வழியே தெருவுக்குத் திரும்பினால் ஏரிக்குப் போகிற பாதை இருக்கிறது. கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான்.

ஏரியின் பெயர் மால்ஹம் டார்ன். கடல் மட்டத்திலிருந்து 377 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தின் நடுவில் சும்மா கிடக்கிறது. இதுவரை சொன்னதைக் கேட்டவருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். எல்லாம் ஓட்டையான நிலத்தில் ஏரி எப்படி? ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்குமா?

நிற்காது. ஆகவே இது அந்தப் பானை இல்லை. ஏரியின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்லைவிடப் பழைய பலகைக்கல், தண்ணீரை விடாதது. நிலம் பெரிய வெடிப்பு ஒன்றின் வழியே நகர்ந்ததில் அந்தப் பழைய கல் இங்கே மேலே வந்துவிட்டது. அதன்மேல் பனிப்பாறைகள் விட்டுப்போன களிமண்ணும் சரளையும் கரைபோலக் கிடக்கின்றன. இயற்கை போட்ட அந்தக் கரை போதாது என்று 1791-இல் மதகு கட்டி மட்டத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள்.

ஏரியிலிருந்து தெற்கே ஓர் ஓடை கிளம்புகிறது. அதோடு கூட நடந்து போங்கள். ஒரு கிலோமீட்டர்கூட இராது. நல்ல ஓடை, சலசலவென்று சத்தம் போடுகிறது. கொஞ்சத் தூரத்தில் சத்தம் குறைகிறது. பிறகு கற்களுக்கு நடுவே தண்ணீர் மெலிகிறது. அப்புறம் இல்லை. பெரிய குழி, சுழல், இரைச்சல் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கூழாங்கற்களுக்கிடையில் ஒரு முழு ஓடை மரியாதையாக எழுந்து போய்விடுகிறது. பலகைக்கல் முடிந்து சுண்ணாம்புக்கல் தொடங்கிவிட்டது, அதுதான் காரணம். வரைபடத்தில் இந்த இடத்துக்கே 'தண்ணீர் அமிழும் இடம்' என்றுதான் பெயர். என் மகள் திரும்பிப்போய்த் தண்ணீர் இருந்த இடத்திலிருந்து மறுபடி நடந்து வந்தாள், எங்கேயோ ஒரு குழாயைத் தவறவிட்டுவிட்டோம் என்று. அம்மம்மாவின் தேசிக்காய் எனக்கு ஞாபகம் வந்தது அங்கேதான்.

இந்தத் தண்ணீர் எங்கே வெளியே வருகிறது? இடத்தைப் பார்த்த எவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். நேர் கீழே, பள்ளத்தாக்கின் வழியே இரண்டு கிலோமீட்டருக்குள் மால்ஹம் கோவ் என்ற பெரும்பாறைச் சுவர் இருக்கிறது. அதன் காலடியில் ஓர் ஓடை பாறைக்கு அடியிலிருந்து புறப்படுகிறது. மேலே காணாமற்போனது கீழே வருகிறது, கணக்குச் சரி.

கணக்குத் தவறு. மதகை மூடிவைத்துத் திடீரென்று திறந்து, எந்த ஊற்றில் மட்டம் ஏறுகிறது என்று பார்த்தார்கள். பிற்காலத்தில் தண்ணீரில் சாயம் கலந்து விட்டுப் பார்த்தார்கள். ஏரியிலிருந்து போன தண்ணீரின் பெரும்பகுதி கோவைத் தாண்டி, ஊரையும் தாண்டி, தெற்கே வயல்வெளியிலுள்ள ஏர் ஹெட் ஊற்றுகளில் வந்தது. அப்படியானால் கோவின் அடியில் வருவது யாருடைய தண்ணீர்? அதன் பெரும்பகுதி வடமேற்கே, பழைய ஈய உலை ஒன்றின் பக்கத்தில் அமிழும் வேறொரு ஓடையுடையது. இரண்டு ஓடைகளும் நிலத்தடியில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன, மேலும் கீழுமாக, மேம்பாலச் சந்திபோல.

தேசிக்காயை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். தேசிக்காய் மிதக்கும், அதுதான் பிரச்சினை. நிலத்தடி வழி சில இடங்களில் கூரைவரை தண்ணீர் நிரம்பி, கீழே வளைந்து, மறுபடி மேலே ஏறும். மிதக்கிற பொருள் அங்கே கூரையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். தண்ணீரோடு கரைந்து போவதுதான் மறுபக்கம் வரும். இருந்தாலும், ஓரிடத்தில் அடையாளம் ஒன்றைப் போட்டு இன்னோரிடத்தில் தேடுவது என்ற யோசனை அம்மம்மாவுடையதும் ஆராய்ச்சியாளர்களுடையதும் ஒன்றேதான்.

ஓடை அமிழ்ந்த இடத்திலிருந்து பாதை ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறது, பெயர் வாட்லோஸ். இரண்டு பக்கமும் பாறைச்சுவர், தெளிவான ஆற்றுப் படுகை, ஆறு மட்டும் இல்லை. பனியுகத்தில் நிலம் ஆழம்வரை உறைந்து கிடந்தது. வெடிப்புகளில் பனிக்கட்டி அடைத்திருந்ததால் உருகிய தண்ணீர் கீழே இறங்க முடியாமல் மேலேயே ஓடிப் பள்ளம் வெட்டியது. நிலம் உருகியதும் அடைப்பு எடுபட்டது. ஆறு கீழே போய்விட்டது.

பள்ளத்தாக்கு முடிகிற இடம் கோவின் உச்சி. முன்னால் ஒரு முற்றம் அளவுக்கு வெள்ளைச் சாம்பல் நிறக் கல் வெட்டவெளியாக, பாளம் பாளமாகக் கிடக்கிறது. பாளங்களுக்கு உள்ளூரில் கிளின்ட் என்றும் நடுவிலுள்ள பிளவுகளுக்குக் கிரைக் என்றும் பெயர். முதலில் பார்க்கிறவர் யாரோ கல் பதித்த தெரு என்று நினைப்பார். பனிப்பாறை மேலேயுள்ளதைச் சுரண்டி ஒரு அடுக்கைத் தட்டையாக விட்டுப்போனது. பிறகு மண் மூடியது. மண்ணுக்கடியில் புளிப்பு நீர் வெடிப்புகளைக் கரைத்தது. மண் போனபின் இது மிஞ்சியது. பாளங்களின் விளிம்பு கூராக இல்லாமல் சவர்க்காரக் கட்டிபோல மழுங்கியிருப்பது மண்ணுக்கடியில் கரைந்ததின் அடையாளம். பிளவுக்குள் குனிந்து பார்த்தால் பன்னங்கள் (தமிழ்நாட்டில் பெரணிகள்) செழித்திருக்கின்றன. ஈரம், நிழல், முக்கியமாகச் செம்மறியின் வாய் எட்டாத ஆழம். இந்தக் கல்லை வீட்டுத் தோட்டங்களை அலங்கரிக்கப் பெயர்த்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் வந்தபின் அதற்குப் பாதுகாப்புக் கிடைத்தது. பிள்ளைகளை இங்கே ஓட விடாதீர்கள், கணுக்கால் பிளவுக்குள் போய்விடும். விளிம்பில் வேலியும் இல்லை.

ஏறத்தாழ 400 படிகள் இறங்கினால் கோவின் அடி. சுமார் 80 மீட்டர் உயரம், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட அதிகம். அகலம் 300 மீட்டர், பிறை நிலாப்போல வளைந்தது. பனி உருகிய காலத்தில் இந்த முழு வளைவின் மேலாலும் அருவி விழுந்திருக்கிறது. அதற்குப் பின் காய்ந்த சுவர்தான். 2015 டிசம்பர் 6 அன்று மட்டும், டெஸ்மண்ட் புயலின் மழையில் நிலத்தடி வழிகள் நிரம்பி வழிந்து, உயிரோடிருக்கும் எவரும் பார்த்திராதபடி கோவின் உச்சியிலிருந்து தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரம்தான். பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பாறையின் அடியிலிருந்து வரும் ஓடை கண்ணாடிபோல இருக்கும். நடந்த களைப்பில் கையேந்திக் குடிக்கத் தோன்றும். குடிக்காதீர்கள். மணலுக்குள் ஊறி வரும் தண்ணீருக்கு வடிகட்டல் நடக்கும். இங்கே தண்ணீர் குழாயில் வருவதுபோல் வருகிறது. மேலே செம்மறி போட்டதும் செத்துக் கிடந்ததும் அதே வேகத்தில் கீழே வரும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் இதுதான் சிக்கல். தோட்டத்துக்குப் போட்ட உரத்தின் நைத்திரேற்றும் மலக்குழியிலிருந்து கசிவதும் கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போய்விடுகின்றன. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் இந்தக் கல்தான் வாங்கி வைத்துக்கொள்கிறது, அதன்மேல் மிதக்கிறதைப் போலத்தான் ஊரே வாழ்கிறது. அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு நிலத்தடியாகக் கடலைத் தேடிப்போய்க் கரையில் ஊறுகிற இடங்களில் ஒன்று கீரிமலை. ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்து முழுகுகிற கேணியின் தண்ணீர், உள்ளூர்த் தோட்டங்களில் பெய்த மழைதான்.

பெரும்பாலானோர் கோவோடு முடித்துக்கொண்டு தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் பத்து நிமிடம் நடக்கவேண்டும். ஊருக்குத் தெற்கே வயலோரம் போகும் பாதையில் ஏர் ஹெட் ஊற்றுகள். படம் எடுக்க ஒன்றுமில்லை. புல்லுக்கடியில் தண்ணீர் கொப்பளித்து எழும்புகிறது, ஒரு ஓடையாகிறது, அவ்வளவுதான். லீட்ஸ் நகரத்துக்குள் ஓடும் ஏர் ஆறு இங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் போனபோது ஒரு செம்மறி அதில் நின்று குடித்துக்கொண்டிருந்தது. மகள் சாப்பாட்டுப் பையைத் திறந்து தேடினாள். கோழிப் பொரியலுக்குப் பிழிந்த அரைத் தேசிக்காய் மிச்சம் இருந்தது. அதை மேலேயே, ஓடை அமிழ்ந்த இடத்தில், எனக்குத் தெரியாமல் போட்டுப் பார்த்திருக்கவேண்டும் என்றாள். கூரையில் முட்டி நின்றுவிடும் என்று மறுபடி விளக்கினேன். சரி என்று தலையாட்டிவிட்டு, தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.